சிவப்பும் நீலமும்

லாரி ஏறும்வரை எல்லாப் பாலமும் நல்ல பாலம்தான். 'வெஸ்ட் பாயிண்ட் பிரிட்ஜ் டிசைனர்' மென்பொருள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அமெரிக்க ராணுவ அகாடமியில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்த கர்னல் ஸ்டீபன் ரெஸ்லர் உருவாக்கியது இது. அந்த அகாடமியின் இருநூறாம் ஆண்டான 2002இல், இதை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைத்ததால் உலகெங்கும் பரவியது.

பொறியியல் முதலாண்டு படிக்கும் அண்ணன் மகள்தான் எனக்கு இதைக் காட்டினாள். நான் படித்தது பி.காம். ஆனாலும் அவளைவிட அதிக நேரம் அதன்முன் உட்கார்ந்தது நான்தான்.

திரையில் ஓர் ஆற்றுப் பள்ளம். இரு கரைக்கும் நடுவே மூட்டுகளைக் குறித்து, அவற்றை எஃகு உறுப்புகளால் இணைத்து, 'டிரஸ்' எனப்படும் சட்டகத்தைக் கட்ட வேண்டும். நாற்கோணமாக இணைத்தால் சட்டகம் சாய்ந்துவிடும் என்று மென்பொருள் மறுத்துவிடும். முக்கோணமானால் ஏற்றுக்கொள்ளும், பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவமும் மாறாது. பிறகு சோதனை. லாரி ஊர்ந்து வரும்போது உறுப்புகள் நிறம் மாறும். அமுக்கப்படுபவை சிவப்பு, இழுக்கப்படுபவை நீலம். தாங்கும் எல்லையை நெருங்க நெருங்க நிறம் அடர்த்தியாகும். எல்லை தாண்டினால் லாரி ஆற்றுக்குள்.

இரு கரையில் மட்டும் தாங்கி நிற்கும் சட்டகத்தில் மேல்வரிசை சிவக்கும், கீழ்வரிசை நீலமாகும். பாரத்தில் பாலம் தொய்யும்போது மேல்பக்கம் குறுகப் பார்க்கிறது, கீழ்பக்கம் நீளப் பார்க்கிறது. இவ்வளவுதான் காரணம். "இதைத்தான் மெக்கானிக்ஸ் பேப்பர்ல பக்கம் பக்கமா கணக்குப் போட்டோம் சித்தப்பா" என்றாள் அவள். விடை சரியாக வந்திருந்தது. எந்த உறுப்பு என்ன பாடுபடுகிறது என்பது அப்போது தெரியவில்லையாம்.

இழுபடும் உறுப்புக்கு நீளம் ஒரு பொருட்டில்லை. குறுக்குப் பரப்பு போதுமானால் தாங்கும். அமுக்கப்படும் உறுப்பின் கதை வேறு. பிளாஸ்டிக் ஸ்கேலை இரு முனையிலும் பிடித்து அழுத்தினால் அது நொறுங்குவதில்லை, பக்கவாட்டில் வளைந்து துவள்கிறது. இதற்கான கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் சொல்லிவிட்டார்: மெலிந்த உறுப்பின் நீளத்தைப் பாதியாக்கினால் துவளாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்கு. ரயில் பாலங்களில் இத்தனை குறுக்குச் சட்டங்கள் ஏன் என்று அன்றுதான் விளங்கியது. அதே எடை எஃகைக் குழாயாக்கினால் துவளாமல் நிற்கும் என்பதும் அப்படியே. ஆகவே நீலத்துக்குத் திடக் கம்பி, சிவப்புக்குக் குழாய்.

என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது செலவுக் கணக்கில். தாங்குகிற பாலத்தை யாரும் கட்டலாம். எல்லா உறுப்பையும் தடிமனாக்கினால் போதும். போட்டியில் வென்றது தாங்குகிற பாலங்களில் மிக மலிவானது. எஃகுக்கு விலை உண்டு, மூட்டுக்கு விலை உண்டு, எத்தனை வகை உறுப்பு வாங்குகிறோம் என்பதற்கும் தனி விலை உண்டு. அதனால் ஒவ்வோர் உறுப்பையும் அதற்கேற்ற அளவில் தேர்ந்தெடுத்தால் எஃகு மிச்சம், வகைச் செலவு கூடுதல். சட்டகத்தை உயரமாக்கினால் மேல்கீழ் வரிசைகளில் விசை குறையும். நடு உறுப்புகள் நீண்டு துவளத் தொடங்கும். ஒன்றைப் பெற இன்னொன்றை விடத்தான் வேண்டும். எதை விடலாம் என்று தெரிய ஒவ்வோர் உறுப்பின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். சிக்கனம் இங்கே கஞ்சத்தனமல்ல, புரிதலுக்கு வைத்த பரீட்சை.

ஆனால் மென்பொருள் மூட்டுகளை நம்பிவிடுகிறது. உறுப்பு முறியும், மூட்டு ஒருபோதும் முறியாது. நிஜம் அப்படியில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1967 முதல் இயங்கிய ஐ-35டபிள்யூ பாலம், 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலைப் போக்குவரத்தோடு மிசிசிப்பி ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். உறுப்புகளை மூட்டில் பிணைக்கும் எஃகுத் தகடுகள் சில, வடிவமைப்பிலேயே தேவையான கனத்தில் ஏறத்தாழ பாதிதான் இருந்தன என்று விசாரணை கண்டறிந்தது. நாற்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் அது படவில்லை. திரையில் எதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்பதும் பொறியியல் பாடம்தான்.

வீட்டில் பிளஸ் டூ, டிப்ளமோ பிள்ளைகள் இருந்தால் இப்படியொரு மென்பொருளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: லாரியை விடுவதற்கு முன், எது சிவக்கும், எது நீலமாகும் என்று காகிதத்தில் எழுதிவிட வேண்டும். அதைச் செய்யாதவருக்கு அது வெறும் விளையாட்டு.