வாள் வீசும் கை: ஒரு வாரக் குறிப்புகள்

17 ஜூலை 2021, சனி

நேற்று வெளியான ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்டு எச்.டி.’யை இன்று தொடங்கினோம். 2011இல் நின்டெண்டோ வீ கருவிக்கு வந்த செல்டா கதை, இப்போது அவர்களின் ஸ்விட்ச் கருவிக்கு வந்திருக்கிறது. நான் அசைவை உணரும் அதன் இரண்டு ஜாய்கான்களையும் கையில் பிடித்து வீசி ஆடுகிறேன். அண்ணன் அசைவே இல்லாமல் பட்டனிலும் ஸ்டிக்கிலும்தான் ஆடுவேன் என்கிறான். வீயில் அவனுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அங்கே மோஷன்பிளஸ் என்ற அசைவு உணரி இல்லாமல் விளையாட்டே ஓடாது. “வேலை முடிஞ்சு வந்து சோபாவுல சாய்ஞ்சு ஆடத்தானே கேம்? வாள் சண்டை கத்துக்கவா?” என்று பத்து வருடக் கோபத்தை என்மேல் கொட்டினான்.

18 ஜூலை, ஞாயிறு

ஃபேரன் காட்டில் டெக்கு பாபா என்ற செடி அரக்கன். வாயைப் படுக்கையாகத் திறந்தால் வாளைப் படுக்கையாக வீச வேண்டும். நெடுக்காகத் திறந்தால் மேலிருந்து கீழே. திசை தப்பினால் வெட்டு விழாது. 2006இல் வீயில் வந்த ‘ட்வைலைட் பிரின்சஸ்’ஸில் கையை எப்படி உலுக்கினாலும் வாள் வீசிவிடும். அது பட்டனுக்குப் பதில் ஓர் உலுக்கல், அவ்வளவுதான். இங்கே எதிரியைப் பார்த்து, யோசித்து வீச வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்ததே இதுதான்.

20 ஜூலை, செவ்வாய்

அண்ணனை இழுத்து வந்து ஜாய்கானைக் கொடுத்தேன். இடமிருந்து வீச, கையை வேகமாக இடப்பக்கம் கொண்டுபோனான். அந்த இழுப்பையே விளையாட்டு ஒரு வீச்சாக எடுத்துக்கொண்டது. “பாத்தியா? நான் இன்னும் வெட்டவே இல்ல!” அவன் சொன்னது நியாயம். கையை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தி, பிறகு மணிக்கட்டால் சுண்டினால் சரியாக வருகிறது. ஆனால் அதை ஆடுகிறவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பலர் வெறுத்துப்போய்க் கீழே வைத்துவிடுவார்கள்.

22 ஜூலை, வியாழன்

திரையில் என் கை காட்டும் குறி அடிக்கடி விலகுகிறது. ஒய் பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவருகிறேன். இதைக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. ஜாய்கானுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் அளப்பது சுழற்சியின் வேகத்தை. அதைக் கூட்டிக் கூட்டித்தான் கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டலிலும் சிறு பிழை சேர்கிறது. மேலும் கீழுமான சாய்வைப் புவியீர்ப்பை உணரும் இன்னொரு உணரி திருத்திவிடும். இடவலத் திருப்பத்தைத் திருத்த அதனால் முடியாது. பழைய வீயில் மோஷன்பிளஸ்ஸைச் சரிசெய்ய, ஆட்டத்தை நிறுத்தி ரிமோட்டை மேசைமேல் அசையாமல் வைக்க வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால், ஒரே அழுத்தலில் வேலை முடிவது பெரிய முன்னேற்றம்.

24 ஜூலை, சனி

ஸ்கைவியூ கோயிலில் கிராகிம் என்ற வில்லனோடு சண்டை. என் வாள் போகும் பக்கமெல்லாம் அவன் கையும் கூடவே வருகிறது. அவசரப்பட்டு வீசினால் இரண்டு விரலால் வாளைப் பிடித்துக்கொள்கிறான். வாளை வலப்பக்கம் நிறுத்தி, அவன் கையை அங்கே வரவழைத்து, சட்டென்று இடமிருந்து வெட்டினேன். அந்த ஏமாற்று என் கையிலேயே நடந்தது, உடம்பு சிலிர்த்தது. அண்ணனும் ரைட் ஸ்டிக்கில் அதையே செய்தான்: ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து தட்டினான். அவனுக்கும் கிராகிம் விழுந்தான்.

25 ஜூலை, ஞாயிறு

சித்தி பெண் போனில் வந்தாள். மணிக்கட்டில் தசைநார் வலி; கையை வீச டாக்டர் தடை போட்டிருக்கிறார். தன் ஸ்விட்ச் லைட்டில் ஸ்டிக்கை வைத்தே கிராகிமை வென்றுவிட்டாளாம். 2011இல் அவளால் இந்தக் கதைக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

பட்டன் வந்ததால் விளையாட்டின் உயிர் போய்விட்டது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிரி கேட்பது திசையை. ஸ்டிக்காலும் அதற்குப் பதில் சொல்ல முடிகிறது. அசைவே வேண்டாம் என்கிறவர்களோடும் உடன்பாடில்லை. கிராகிமை என் கையால் ஏமாற்றிய அந்த நொடியை எந்தப் பட்டனும் எனக்குத் தந்திருக்காது. அசைவுக்கு அர்த்தம் இருக்க வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஆடுகிறவருக்கு இருக்க வேண்டும். பத்து வருடம் தாமதமாக வந்தாலும், அந்தத் தேர்வைக் கொடுத்தது சரியான முடிவு. இனி வரும் விளையாட்டுகள் அதை முதல் நாளிலேயே கொடுக்கட்டும்.