மெழுகும் தகடும்: சோழமண்டலத்தில் ஒரு கூட்டுக் கண்காட்சி

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் காட்சிக்கூடத்தில், ஒரே கல்லூரியில் பயின்று, ஒரே மணல்வெளியில் அருகருகே வீடு கட்டிக்கொண்டவர்களின் ஓவியங்களும் சிற்பங்களும் கூட்டாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள சிறு அட்டை, படைத்தவர் பெயரையும் ஊடகத்தையும் சொல்லிவிடுகிறது. ஆனால் உடன் உழைத்த பழைய நண்பர் ஒருவர் அதே சுவரின் முன் நின்றால், அவர் கண் அட்டைக்குப் போவதில்லை. தோழரின் கை எங்கே தயங்கியது, எங்கே பழகிய வேகத்தில் ஓடியது என்பதையே அது முதலில் தேடும்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, கிராமத்தின் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஓவியத்தை மட்டும் விற்று வாழ முடியாத இளைஞர்கள் விளம்பர நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் கரைந்துபோவதைக் கண்டு, கைவினைப் பொருள்களின் வருவாயால் ஓவியத்தைக் காப்பாற்றும் வழியை முன்வைத்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியின் தொடர்ச்சியே அக்கல்லூரி என்பதால், ஓவியமும் கைத்தொழிலும் அங்கு ஒரே வளாகத்தில் வளர்ந்தவை. கலைஞர்கள் செய்து விற்ற பத்திக் துணிகளின் வருவாயும் கிராமத்தின் நிலத்தை வாங்க உதவியது. ஓவியம் சோறு போடாத காலத்தில் துணி நிலம் வாங்கித் தந்தது என்பதைக் கலை வரலாற்று நூல்கள் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்கின்றன.

பத்திக் என்பது மெழுகால் சாயத்தைத் தடுக்கும் முறை. உருக்கிய மெழுகைத் தூரிகையாலோ சிறு குழாய் பொருத்திய கருவியாலோ துணியில் இட்டால், அந்த இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்திற்கு ஒவ்வொன்றாகச் சென்று, இறுதியில் வெந்நீரில் மெழுகை நீக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காது, கூடினால் பரவிவிடும். ஆகவே கோடு ஒரே மூச்சில் இழுக்கப்பட வேண்டும், இழுத்ததை அழிக்கவும் இயலாது. ஆறிய மெழுகு மடியும்போது உண்டாகும் வெடிப்புகளில் சாயம் புகுந்து வரையும் மெல்லிய நரம்புகள் எவர் கட்டுப்பாட்டுக்கும் முழுமையாக அடங்குவதில்லை. இந்த ஓவியர்களிடம் காணப்படும் கோட்டு மோகத்திற்கு இத்தொழிலும் ஒரு காரணம் எனக் கருதுவது மிகையாகாது. ஆயினும் அதை மட்டுமே காரணமாக்குவதும் தவறு. பணிக்கர் 1963 அளவில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையிலுள்ள எழுத்துப்போன்ற கிறுக்கல்களும் சாதகக் கட்டங்களும் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை.

கைத்தொழிலின் தடம் உலோகத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்கள் வார்க்கப்பட்டவை அல்ல. செம்புத் தகட்டை அடித்துப் புடைக்கச் செய்து, அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்து உருவாக்கப்பட்டவை. கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் போல அவையும் முன்புறம் நோக்கியே நிற்பதால், கலை எழுத்தாளர்கள் அவற்றை முன்முகச் சிற்பம் என்பர். கவசம் செய்யும் கொல்லர், அரக்குப் படுகையில் தகட்டைக் கவிழ்த்துப் பின்புறமிருந்து அடித்து மேடுகளை எழுப்பி, பிறகு முன்புறம் திருப்பி நுணுக்கங்களைச் செதுக்குவார். உளி ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை, ஒவ்வொரு அடிக்கும் ஓர் அளவு. பலமுறை அடிபட்ட செம்பு இறுகிவிடுவதால், இடையிடையே அதைக் காய்ச்சி இளக்கவும் வேண்டும்.

எனவே தகட்டில் அடியின் வரலாறு முழுவதும் எழுதப்பட்டிருப்பது பின்புறத்தில்தான். காட்சிக்கூடத்தின் விளக்கு முன்புறத்தில் விழுகிறது; பார்வையாளர் ஓரடி தள்ளி நின்று, கண்ணையும் கிரீடத்தையும் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். தொழில் தெரிந்த நண்பரோ பக்கவாட்டில் சென்று, சுவருக்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியில் தலையைச் சாய்த்து, பற்றவைப்பு எந்த இடத்தில் தடித்திருக்கிறது என்று பார்ப்பார்.