மலைமேல் ஒரு லேத்து

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டில் சமதரை கிடைப்பது அரிது. சாமை விளையும் நிலம்கூடச் சரிவாகத்தான் கிடக்கிறது. அங்கே ஒருவர் தன் வீட்டிலேயே லேத்து நிறுத்தி, கையில் அடங்கும் இன்ஜின் செய்கிறார் என்று கேள்விப்பட்டுத் திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினேன்.

ஓட்டு வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நாலரை அடி லேத்து. பஞ்சாபின் பட்டாலாவில் செய்த பழைய மெஷின். கோவையில் வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி மினி லாரியில் ஏற்றி வந்திருக்கிறார். தரையைத் தோண்டி கான்கிரீட் போட்டு, போல்ட்டுகளைப் புதைத்து, ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்து இறுக்கியிருக்கிறார். லேத்தின் பெட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் அதில் கடையும் தண்டு ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வரும். அதனால் முதல் வேலை மட்டம் பார்ப்பதுதான்.

அறுபதைத் தாண்டியவர், மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர். இளம் வயதில் கோவை கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஹெல்பர், பிறகு டர்னர். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் கோவை. அதன்பின் அங்கே தெருவுக்குத் தெரு முளைத்த பட்டறைகள் இவரைப் போன்ற எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கின்றன. ஊர் திரும்பியவர், பகலில் மாவு மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் புஷ், தண்டு, புல்லி கடைந்து கொடுக்கிறார். மாலையில் சின்ன இன்ஜின்.

அது சூட்டுக் காற்றில் ஓடுவது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-ல் காப்புரிமை பெற்ற வகை. மின்சாரம் எட்டாத காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டிலேயே சுழலும் விசிறிகள் இந்தியாவில் புழங்கின. அவற்றுக்குள் இருந்ததும் இதே தத்துவம்தான்.

"நெருப்பு வெளிய, காத்து உள்ள. அவ்வளவுதான் சார்," என்றார். மூடிய குழாயின் ஒரு முனை சூடாகிறது. மறுமுனை அலுமினியச் செதில்களால் குளிர்கிறது. உள்ளே தளர்வாக ஏறி இறங்கும் டிஸ்ப்ளேசர், காற்றைச் சூட்டுப் பக்கமும் குளிர்ச்சிப் பக்கமும் மாறி மாறித் தள்ளுகிறது. சூடேறிய காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளும். குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று பிஸ்டனைத் திரும்ப அழுத்தும். இரண்டு கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும்.

சொல்ல எளிது. சிரமமெல்லாம் பிஸ்டனில்தான். இந்த அளவு இன்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. காற்றும் கசியக் கூடாது, உராய்வும் இருக்கக் கூடாது. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான் இடைவெளி. விளக்குச் சூடு தரும் பலம் சொற்பம். கெட்டியான எண்ணெய் விட்டாலே இன்ஜின் நின்றுவிடும்.

உடைந்த வார்ப்பிரும்புப் புல்லியின் நடுக்குடத்தை அறுத்து எடுத்திருந்தார். அதை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, டயல் கேஜ் முள் அசையாமல் நிற்கும் வரை ஒவ்வொரு தாடையாகத் தளர்த்தி இறுக்கினார். போரிங் தொடங்கியதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், அலுமினியம் கடைந்தால் மண்ணெண்ணெய் தொட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தார். கடைசியாக, ஆழம் கூட்டாமல் அதே அளவில் டூலை இன்னொரு தடவை ஓட்டினார். முதல் ஓட்டத்தில் வளைந்து கொடுத்த டூல் விட்டுவைத்த மிச்சம் அப்போதுதான் வருமாம்.

அடுத்தது தேய்ப்பு. பித்தளைத் தடியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, சிலிண்டருக்குள் சுழற்றி முன்னும் பின்னும் நகர்த்தினார். பிஸ்டனையே உள்ளே விட்டுத் தேய்த்தால் என்ன என்று கேட்டேன். "தூளு வார்ப்பிரும்புல ஏறி உக்காந்துக்கும் சார். அப்புறம் ஓட ஓட அறுத்துக்கிட்டே இருக்கும்," என்றார். பித்தளை மெத்தென்றிருப்பதால் தூள் அதில் தங்கிக்கொள்கிறது, இரும்பு மெருகேறுகிறது.

உடனிருந்த அக்காள் மகன் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பிஸ்டனை உள்ளே விட்டான். "மாமா, பாருங்க," என்று அடிப்பக்கத்தை விரலால் அடைத்தான். பிஸ்டன் நிதானமாக இறங்கியது. விரலை எடுத்ததும் பொத்தென்று கீழே வைத்திருந்த துணியில் விழுந்தது. எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லாது.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் திறக்கப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. அதன் கண்ணாடி பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில், தூளை மேலும் மேலும் நுணுக்கிக்கொண்டே தேய்த்துத் தேய்த்து உருவம் பெற்றது. அளவுகள் வேறு; தேய்ப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது என்ற ஒழுங்கு ஒன்றுதான். நுட்பம் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதை இந்தக் கொட்டகையில் கண்ணால் பார்த்தேன். லண்டனில் 1898-லேயே வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கென்று 'மாடல் இன்ஜினியர்' என்ற இதழ் தொடங்கப்பட்டது. அங்கே அது ஓய்வுநேர ஆர்வம். இங்கே ஒரு பையனின் எதிர்காலம்.

மலையில் வேலை இல்லாமைக்கு என்ன விலை என்பது நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 தமிழகத் தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலிக்காக எங்கேயும் போகத் துணிந்தவர்கள் அவர்கள். உள்ளூரிலேயே கைத்தொழில் கிடைத்தால் அப்படிப் போகிறவர்களில் சிலராவது தங்குவார்கள்.

மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஒரு சிறிய லேத்தும் ஒரு மைக்ரோமீட்டரும் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சூட்டுக் காற்று இன்ஜினையாவது தன் கையால் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வெப்பமும் அழுத்தமும் அவர்களுக்கு அப்போது பாடப்புத்தக வரியாக மட்டும் இராது. சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டாம். இவரைப் போல, நகரத்துப் பட்டறைகளில் கற்றுத் திரும்பியவர்களைப் பயிற்றுநராக அமர்த்தி மாதச் சம்பளம் கொடுத்தால் போதும். அவருடைய அக்காள் மகன் கற்றுக்கொண்டுவிட்டான். மற்றப் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.