கடலுக்கு முதுகு காட்டாதே!

ஐஸ்லாந்து என்றதும் பனிதான் நினைவுக்கு வரும். ஆனால், அது எரிமலைகள் உருவாக்கிய தீவு. ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை 20 மீட்டர் உயரத்துக்குப் பீறிடுகிறது. ‘‘பால் பொங்குற மாதிரியே இருக்குடி!’’ என்று அம்மா கைதட்டினார்.

அடுத்து, குல்ஃபோஸ் அருவி. நூறு வருடங்களுக்கு முன்பு இதில் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது, பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் என்ற பெண்மணி எதிர்த்துப் போராடினார். அவர் முகம் செதுக்கிய நினைவுக்கல்லை அம்மா தொட்டுக் கும்பிட்டார்.

தெற்கே ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரை. எரிமலைப் பாறை பொடிந்த கறுப்பு மணல். அடுக்கிவைத்தாற்போல் கல் தூண்கள். கடல் சாதுவாகத்தான் தெரியும். திடீரென ஓர் அலை மட்டும் வெகுதூரம் ஏறிவந்து ஆளையே இழுத்துவிடும். உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைப் பலகையை நான் படித்துச் சொன்னதும், அம்மா பேரனின் மணிக்கட்டைப் பிடித்தவர்தான். கார் ஏறும்வரை விடவில்லை. ‘‘செல்ஃபி...’’ என்று அவன் சிணுங்கினான். ‘‘கடலுக்கு முதுகு காட்டியா?’’ என்று அம்மா அதட்டினார்.

நீங்கள் போனால் அருவிச் சாரலில் ஆசைதீர நனையுங்கள். இந்தக் கடலை மட்டும் தள்ளிநின்று, அதன் முகம் பார்த்தே ரசியுங்கள்.