தொண்ணூற்றொன்பது வயதினர்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, விடுதி வாழ்வையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் நயமாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், சென்ற ஆண்டு நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவருக்குச் சனிக்கிழமைதோறும் நான் நடத்திய சிறு வகுப்பைப் பற்றிக் கூறத் துணிந்தேன்.

கருத்துக்கணிப்புத் தரவுகளைக் கொண்டு, 'ஆர்' என்னும் கணினி மொழியிற் கணக்கிடக் கற்பிப்பதே என் நோக்கம். நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இகாக்கா, ரொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் ஆக்கிய அம்மொழி விலையின்றிக் கிடைப்பது. தரவுகளும் அவ்வாறே. 1972 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவில் நடைபெற்றுவரும் பொதுச் சமூகக் கணிப்பின் பழைய பதிப்பொன்றை எடுத்துச் சென்றேன். சராசரி காணும் கட்டளை 'மீன்' என்றதும் வகுப்பே நகைத்தது. அந்நகைப்பின் பயனாக அக்கட்டளையை ஒருவரும் மறந்திலர்.

முதல் நாள் வயதுகளை எண்ணி அட்டவணையாக்கச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், அமெரிக்காவில் 99 வயதுக் கிழவர் இத்தனை பேரா?" என்றான். 90 முதல் 97 வரை ஒருவருமில்லை. 99 இலோ ஒரு கூட்டம். குறியீட்டு விளக்கத்தைப் படிக்கச் செய்தேன். 89 என்பது எண்பத்தொன்பதும் அதற்கு மேற்பட்டதும். 99 என்பதோ வயதன்று, விடை கூறாதார்க்கு இட்ட அடையாளம். கணினி வேறுபாடறியாது எல்லாவற்றையும் கூட்டிவிடும். அவ்வெண்ணை வெற்றிடமாக்க ஒரு வரி போதும். ஆக்கியபின் சராசரியைக் கேட்டால் 'என்.ஏ.' என்றே விடை வரும். வெற்றிடங்களை நீக்கிக் கணக்கிடு என வெளிப்படையாகக் கட்டளையிட்டாலன்றி அது இசையாது. அப்பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அம்மாணவன் அமரவில்லை. "நீக்கப்பட்டவர்கள் வேறுவிதமாக எண்ணியிருந்தால், சேர்?"

1936 ஆம் ஆண்டுக் கதையைக் கூறினேன். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் அமெரிக்க இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பிற்று. திரும்பி வந்தவை இருபது இலட்சத்துக்குச் சற்று மேல். அவற்றை எண்ணி லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46 இல் வென்றார்.

ஆயினும் அவன் வினா என்னைத் தைத்தது வேறோரிடத்தில். பல்லாண்டுகட்கு முன் நான் ஓர் அலுவலகத்திற் பணியாற்றியபோது, கிராமமொன்றில் பொதுக் குழாய் எங்கே அமையவேண்டும் என வீடுவீடாகக் கேட்டெழுதிய விடைகள் என் மேசைக்கு வந்தன. 'தெரியாது' என்றிருந்தவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றின் பெரும்பான்மையைக் கண்டு, சந்தியடியே தகுந்த இடமென அறிக்கை எழுதினேன். குழாயும் அங்கேயே வந்தது. பின்னொருநாள் அவ்வழியே சென்றபோது, குடத்தோடு நெடுந்தூரம் நடந்து வந்த அம்மா ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "ஆம்பிளையள் நிக்கேக்குள்ளை நாங்கள் என்னத்தைச் சொல்லுறது தம்பி? தெரியாதெண்டிட்டம்" என்றார்.

பழைய தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 'தெரியாது' என்றோருட் பெரும்பாலார் பெண்கள். நீர் அள்ளுவோரும் அவர்களே.

இதனை வகுப்பிற் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மாணவன் எழுதிக் கொணர்ந்த செய்நிரலில், சராசரி காணும் வரிக்கு முன்னதாக, விடை கூறாதாரை ஆண், பெண் என வகுத்தெண்ணும் வரியொன்று இருந்தது. அது நான் கற்பித்த வரியன்று.