முதற் படைப்பின் நிழல்

கலைஞன் ஒருவனின் பிற்காலப் படைப்பு முற்காலத்ததற்கு ஈடாகுமா என்பது அன்பர்களிடையே ஓயாத வழக்கு. எங்கள் வீட்டு இளைஞர்களிடம் அவ்வழக்கு அமெரிக்க ராப் பாடகர் நாஸைப் பற்றியது.

நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த அவர், 1994-இல், தம் இருபதாம் வயதில், ‘இல்மேட்டிக்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். பத்தே பதிவுகள், நாற்பது நிமிடங்கள். அக்குடியிருப்பின் வாழ்வை எதுகை அடுக்கிச் சொல்லில் வடித்தார். ஒரு பாடலில் தந்தை ஓலு டாராவின் கார்னெட்டும் ஒலித்தது. பின் வந்த யாவும் அதனோடு வைத்தே நிறுக்கப்பட்டன.

2020 முதல் 2023 வரை ஹிட்-பாய் என்பாரின் இசையமைப்பில் ஆறு இசைத்தொகுப்புகள் தந்தார். முதலாவதான ‘கிங்ஸ் டிசீஸ்’ 2021-இல் அவருக்கு முதல் கிராமி விருதை ஈட்டியது. “சொல் தேர்ந்தது, கனல் தணிந்தது” என்பர் ஒரு சாரார். “ஐம்பதை நெருங்கியவரிடம் இருபதின் கனலைக் கேட்பது முறையோ?” என்பர் மறுசாரார்.

இரண்டையும் கேட்டோம். முன்னதில் தெருவில் நிற்கும் இளைஞன் பேசுகிறான். பின்னதில் அத்தெருவைக் கடந்து, மக்களைப் பெற்றவன் பேசுகிறான்.

ஊர் விட்டு வந்த நமக்கு இது விளங்காததன்று. புறப்பட்ட நாளில் கண்ட ஊரையே நெஞ்சில் வைத்துக்கொண்டு, விடுமுறையில் சென்று, “பழைய ஊர் இல்லையே!” என்று குறைப்படுகிறோம். அவ்வூரில் நாம் தேடுவது நம் இளமையை அன்றோ? ‘இல்மேட்டிக்’கைத் தேடுவோரும் அவ்வாறே. பாடுபவரின் இன்றைய வயதுக்கு அப்பாட்டு மெய்யாக உள்ளதா என்பதே நேரிய அளவுகோல். அவ்வளவையில் ‘கிங்ஸ் டிசீஸ்’ குறைந்ததன்று என்பது எம் துணிபு.