கேட்கக் கேட்க நஷ்டம்!

இட்லிக் கடையில் கூட்டம் கூடினால் முதலாளி முகம் மலரும். அமெரிக்காவின் பண்டோரா இணைய வானொலியில் கதையே வேறு. நேயர்கள் பெருகப் பெருக, கணக்குப் பார்ப்பவர் வயிற்றில் புளி கரைந்தது.

கோபுரம் வைத்து ஒலிபரப்பும் நிலையத்துக்கு ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள் பாடகருக்குக் காசு தர வேண்டியதும் இல்லை. இணைய வானொலியோ ஒவ்வொரு பாட்டுக்கும், அதைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ராயல்டி கட்ட வேண்டும். விளம்பர வருமானம் எந்த மூலைக்கு?

பண்டோராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிம் வெஸ்டர்கிரன், இசைக்குழுவில் பியானோ வாசித்து ஊர் ஊராக அலைந்தவர். பாடகருக்குக் காசு தராதே என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? 2007 மே மாதம் அவர் நிறுவனம், உரிமம் வாங்க முடியாத நாடுகளின் நேயர்களை ஐ.பி. முகவரி பார்த்து வெளியே நிறுத்தியது. 2009ல் உள்நாட்டு நேயருக்கும் ஒரு வரம்பு: இலவசமாக மாதம் 40 மணி நேரம். அதற்கு மேல் அந்த மாதம் முழுக்கக் கேட்க 99 சென்ட். சின்னத் தொகைதான். ஆனால், ராப்பகலாகக் கேட்ட ரசிகரிடம் போய்க் கை நீட்டுவது சங்கடம்தானே!

விளம்பரத்தைக் கூட்டியிருக்கலாமே என்பீர்கள். பாட்டுக்குப் பாட்டு சோப்பு விற்றால் நேயர் எஃப்.எம். பக்கம் நழுவிவிடுவார். 2013ல் செல்போனில் கேட்பவர்களுக்கும் அதே 40 மணி நேர வரம்பு வந்தது. செல்போன் விளம்பரம் கொஞ்சம் தேறியதும், அந்தச் செப்டம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.